வண்டியோட கீறதெல்லாம்

தாயாரம்மாள் பேரம் பேசவில்லை. முஸ்தபாவுக்கு முதலில் இடித்தது அதுதான்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி, சரிபண்ணி விற்கிறவன் அவன். விலையைக் கேட்டதும் விற்கிறவள் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும். வாங்குகிறவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவரைக்கும் போக வேண்டும். அவள் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. அந்த மாலை சாலவாக்கத்தில், அவன் வாய்கூசாமல் சொன்ன அடிமாட்டு விலைக்கு அவள் உடனே தலையாட்டினாள்.

அந்த விலைக்காக அவன் ஒரு வேலை செய்திருந்தான். சோதிக்கிற சாக்கில் இன்ஜின் மூடியைக் கழற்றி, பாயிண்ட் என்கிற இரண்டு சின்ன உலோகப் பொட்டுகளுக்கு நடுவே, தான் வந்த பஸ் டிக்கெட்டைக் கிழித்துச் செருகிவிட்டான். அவை தொட்டுப் பிரிந்தால்தான் பிளக்கில் நெருப்பு. நடுவில் காகிதம் இருந்தால் பயில்வான் வந்து உதைத்தாலும் வண்டி கிளம்பாது. கிளம்பாத வண்டிக்கு ஏது விலை?

அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"வண்டியோட கீறதெல்லாம் என்னுதுன்னு உன் வாயால சொல்லிடு, பாய்."

பம்பும் டூல் பையும் சும்மா வருகிறதென்று அவனுக்குக் குஷி. சொன்னான். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு இன்னொரு தாழ்.

வண்டியின் கதை ஊரறிந்தது. போன ஐப்பசியில் அவள் மகன் வரதன், வலி கண்ட மனைவி அம்முலுவைப் பின்னால் உட்காரவைத்து உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். ஏரிக்கரையில் சறுக்கியது. வரதன் நீந்திக் கரையேறினான். வண்டியையும் கயிறு கட்டி இழுத்தார்கள். அம்முலு கிடைக்கவில்லை. முஸ்தபா இதைத் துக்கமாக அல்ல, தள்ளுபடியாகவே கணக்கில் வைத்திருந்தான்.

வீட்டில் அவன் மனைவி சபுராவுக்கும் நிறைமாதம், தலைச்சன். திடீரென்று வலி வந்தால் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். அதற்குத்தான் இத்தனை அவசரம். இருட்டுவதற்குள் வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

ஊர் மறையும்வரை உருட்டிக்கொண்டுபோய், அதே ஏரிக்கரை மேல் ஏறியதும் நிறுத்திக் காகிதத்தை உருவினான். மழை தூறிக்கொண்டிருந்தது, நிரம்பிய ஏரி கரைக்கல்லை நக்குகிற சத்தமும், அழுகிய கோரையின் வாடையும், தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தி ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்ட அமைதியும் அவனைச் சுற்றி நின்றன. உதைத்தான். கிளம்பவில்லை.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் சாய்த்து உதைத்துப் பார்த்தான். நீலப் பொறி, பளிச்சென்று. பெட்ரோல் வருகிறது. கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிற அளவுக்கு அழுத்தமும் இருக்கிறது. இவ்வளவும் இருந்து கிளம்பாத வண்டியை அவன் பார்த்ததில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. சபுரா தனியாக இருப்பாள்.

கரை இறங்குகிற சரிவில் வண்டியைத் திருப்பி, ஏறி உட்கார்ந்து, கிளட்சைப் பிடித்துக் கியர் போட்டான். கடையில் பின்னால் நிற்கிறவர்களுக்குத் தினம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஆளில்லாத கரையிலும் தானாகச் சொன்னது.

"தள்ளும்மா."

கடையில் 'தள்ளுப்பா' என்றுதான் சொல்வான்.

வண்டி நகர்ந்தது. சரிவு இழுக்கிற நகர்வு இல்லை. முதுகுக்குப் பின்னால், மூச்சு வாங்க வாங்க, யாரோ தள்ளுகிற நகர்வு. கிளட்சை விட்டான். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பின் ஸ்பிரிங் அமுங்கியது.

அவன் திரும்பவில்லை. மஞ்சளும் சேறும் கலந்த வாடை. சட்டையில் முதுகுப்பக்கம் மட்டும் நனைந்து ஒட்டியது. இடுப்புக்கு மேலே, பெரிதாக, கெட்டியாக ஒன்று அழுந்தியது. அதற்குள் ஏதோ புரண்டது.

வீட்டு வாசலில் அரிக்கேனோடு சபுரா நின்றாள். வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"இன்னாங்க, மாசமா கீற பொண்ண இப்படி மழையில குந்தவச்சிக்கினு வரீங்க?" என்றாள். அவன் தோளுக்குப் பின்னால் பார்த்து, "உள்ள வாம்மா."

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தான். இன்ஜின் சத்தம் சொல்லை விழுங்கியது. சாவியைத் திருப்பினான். இன்ஜின் நிற்கவில்லை. பிளக் ஒயரைப் பிடுங்கினான். ஓடியது. ஒயர் கையில் இருந்தது. ஓடியது.

ஸ்பிரிங் எழும்பியது.

இன்ஜின் நின்றது.

ஈரமான காலடிகள் வாசற்படி ஏறின. அரிக்கேன் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

இடித்தான். கத்தினான். தோளால் மோதினான். திறந்தபோது கூடத்தில் அரிக்கேன் தரையில் எரிந்தது. வந்தவளைக் காணவில்லை.

பிள்ளை பிறக்கும் முன் தூளி கட்டக் கூடாதென்று சபுரா சேலையை மடித்தே வைத்திருந்தாள். இப்போது அது உத்தரத்திலிருந்து தொங்கியது. ஈரமாக. கனமாக. அடியில் சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

சபுரா ஆட்டிக்கொண்டிருந்தாள். மறு கை வயிற்றின் மேல்.

வயிறு தட்டையாக இருந்தது.

தூளிக்குள் ஏதோ உதைத்தது. நின்றது. மறுபடி உதைத்தது. கிளம்பாத வண்டியை உதைப்பதுபோல.