தினேஸ்வரியின் தேர்வை எழுதியது யார்?

"இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று திரையில் வந்ததும் தினேஸ்வரி தேர்வுச் சீட்டைப் பார்த்து அந்தக் கோட் எண்ணை மறுபடி தட்டினாள். அதே வரிதான் வந்தது. அரை மாதச் சம்பளத்தை விழுங்கும் சர்டிபிகேட் தேர்வு அது. கட்டணம் முதலாளி பழனியப்பன் கட்டியது. தூக்கம் கெட்டுப் படித்தது அவள். தேர்வு நடத்தும் வெளிநாட்டு நிறுவனத்தைக் கேட்டாள். குறியீடு கையில் இருந்தால் யாரும் தம் பெயரில் ஒருமுறை எழுதலாம், ஞாயிற்றுக்கிழமையே யாரோ வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதி முடித்துவிட்டார், பெயரைச் சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. நேராக போலீசுக்குப் போனாள்.

புந்தோங்கில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும் அந்தச் சின்னக் கம்பெனிக்கு போலீஸ் சார்ஜன் துளசி விசாரிக்க வந்தபோது, பழனியப்பன் தீர்ப்பே எழுதி வைத்திருந்தார்.

"இவளே எழுதிப் பெயிலாயிருப்பா, புவான். இப்ப திருட்டுப் போச்சுன்னு நாடகம் போடுறா." வாயில் "புவான்" என்ற மலாய் மரியாதை இருந்தாலும் மேசையை ஓங்கித் தட்டினார். அவர் வலது மணிக்கட்டில் தீமிதிக்குக் கட்டிய காப்புக் கயிறு மஞ்சள் போய் அழுக்கேறிக் கிடந்தது. "இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுது. பாஸானாத்தான் வேல நெரந்தரம்னு சொல்லியிருந்தேன். இனிமே அந்தப் பேச்சே இல்ல."

"பெயிலானவ போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுவாளா?" என்றாள் தினேஸ்வரி.

துளசிக்கு இந்த சர்டிபிகேட் சமாச்சாரமே பிடிக்காது. அவளுடைய தம்பி சுவர் நிறைய மாட்டி வைத்துவிட்டு கோலாலம்பூரில் வாடகைக் கார் ஓட்டுகிறான். இப்போது இந்த முதலாளியையும் பிடிக்கவில்லை.

"கோட் யாருக்கெல்லாம் தெரியும்?"

பழனியப்பன் பெருமையோடு போனை நீட்டினார். மந்திரி மானியம் கொடுக்கிற தோரணையில் அவர் தினேஸ்வரியிடம் தேர்வுச் சீட்டைக் கொடுக்கும் படம். ஆபீஸ் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். சீட்டில் கோட் கொட்டை எழுத்தில் தெரிந்தது.

"வீட்டுச் சாவிய வாசல்ல தொங்க விட்டுட்டு, திருடன் யாருன்னு கேக்கறீங்க," என்றாள் துளசி.

குழுவில் இன்னும் இரண்டே பேர். முதலில் ஷாஃபி, இளைய டெக்னீஷியன்.

"அந்த சர்டிபிகேட்ட போன வருஷமே வாங்கிட்டேன் புவான், சொந்தக் காசுல. சுவத்துல பாருங்க."

"கோட்ட வெளிய வித்திருக்கலாமே?"

"வித்தேன்னு தெரிஞ்சா கேஸ் போடுங்க. சும்மா கேட்டுட்டு இருக்காதீங்க."

அடுத்தவர் தேவன். பதினைந்து வருஷமாக அங்கே இருப்பவர், சர்டிபிகேட் எதுவும் இல்லாதவர். போலீஸ் வந்திருக்கிறதே என்று தேநீர் கலக்கிக் கொண்டுவந்தார். அவர் கையிலும் காப்பு இருந்தது. சட்டை விளிம்பில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"சர்டிபிகேட்டா? வெறும் கெர்தாஸ் லா. மழையில வயர் அந்துபோனா அந்தக் காகிதமா ஏணியில ஏறும்? மூனு வருஷத்துல காலாவதியாயிரும், மறுபடி காசு கட்டணும். எவன் எழுதுவான்?"

துளசிக்கு இந்தப் பேச்சு மனசுக்கு இதமாக இருந்தது. அதனாலேயே எரிச்சலும் வந்தது. தினேஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"வீட்டுல இருந்து எப்படிம்மா எழுதுறது?"

"கேமராவுல ஆள் பாத்துக்கிட்டே இருப்பாங்க புவான். மேசையில ஒன்னும் இருக்கக் கூடாது. காதக் காட்டணும். கையில வாட்ச், வளையல், கயிறு எதுவும் கூடாது. அம்மா போட்ட வளையல அதுக்காகவே கழட்டி வெச்சிட்டேன்."

துளசி தேநீரைக் கீழே வைத்தாள்.

"தேவன், காப்பு என்னைக்குக் கட்டுனீங்க?"

"பத்து நாள் முன்ன, கொடியேத்தத்தன்னிக்கு. மொதலாளியும் நானும் ஒரே வரிசையில நின்னு கட்டுனோம்."

"நடுவுல கழட்டுனீங்களா?"

"தீ மிதிச்சு முடிக்கிற வரைக்கும் கழட்டவே கூடாது புவான். சாமி குத்தமாயிரும்."

"ரெண்டு பேரும் கைய மேசையில வைங்க."

இரண்டு மணிக்கட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. முதலாளியின் கயிறு நரைத்திருந்தது. தேவனுடையது நேற்று அரைத்த மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது.

"ஒரே நாள்ல கட்டுனது. தெனமும் குளிச்ச கயிறு எப்படி ஆகும்னு உங்க மொதலாளி கையில இருக்கு. ஞாயித்துக்கெழம கேமராக்காரன் கழட்டச் சொன்னான். நீங்க அறுத்துட்டு எழுதுனீங்க, அப்புறம் புதுசு கட்டிக்கிட்டீங்க. தானா அறுந்துபோச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். கழட்டவே இல்லைங்கிற மாதிரி பேசுனீங்க பாருங்க, அங்கதான் மாட்டுனீங்க. ரிசல்ட் இமெயில்ல வந்திருக்கும். போனக் குடுங்க."

தேவன் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இவ பாஸானா இவளுக்குக் கீழ வேல செய்யணும்னு மொதலாளி சொல்லிட்டாரு. நான் பாஸாயிருந்தா, சொந்தக் காசுல எழுதுனேன்னு காட்டியிருப்பேன்."

"வெறும் கெர்தாஸ்னீங்களே?"

"கெர்தாஸ்தான் புவான். அது இல்லாதவன் மனுஷனே இல்லைங்கிறாங்களே."

பழனியப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தார். போனில் இருந்த மின்னஞ்சலைத் துளசி சத்தமாகப் படித்தாள். தேர்ச்சி பெறவில்லை. ஷாஃபி களுக்கென்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு கோட் வாங்கித் தர்றேன்," என்று முதலாளி முனகினார்.

"மொதல்ல அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

அவர் கேட்டார், சுவரைப் பார்த்து. தேவன் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

தினேஸ்வரி போனை வாங்கி அந்த மின்னஞ்சலைத் தானும் ஒருமுறை படித்தாள்.

"பாஸாயிருந்தா மன்னிச்சிருப்பேண்ணே. யாராவது ஒருத்தராவது உருப்பட்டிருக்கலாம்."