நிறுத்துநீர்

சோணைமுத்து தன் கிடாரியை முட்டைக்காப்பகத்தின் உறிஞ்சுமேடையில் தானே ஏற்றிக் கட்டினான். இயந்திரக் கை ஊசியை நீட்டித் தயாராக நின்றது. மூன்று வயதுப் புலிக்குளம் மாடு. சட்டப்படி, பருவத்துக்கு வரும் முன்பே அதன் சினைமுட்டைகளை எடுத்திருக்க வேண்டும்.

"ஒளிச்சு வச்சுட்டேன் டாக்டரம்மா," என்றான் தலையைத் தூக்காமல். "கண்மாய்க்கு அங்கிட்டு, கருவேலங்காட்டுக்குள்ள. யாராச்சும் கேட்டா, என் மச்சினன் மாடும்பேன். எனக்கு மச்சினனே கிடையாது."

காப்பகத் தலைவி பவளக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

சூலகத்திலிருந்து வெளியே எடுத்த முட்டை உடனே முதிரத் தொடங்கிவிடும். சத்துச் சேரும் முன் அவசரமாக முதிர்ந்தால் கரு நிலைக்காது. அந்த அவசரத்தை அடக்க வந்ததுதான் நிறுத்துநீர். முதலில் சில மணி நேரம் அடக்கியது. பிறகு மாதங்கள், பிறகு வருடங்கள். முட்டையைக் கிண்ணத்தில் காத்திருக்க வைத்துவிட்டு ஆண்டுக்கு ஆண்டு மேலான பொலிகாளையைத் தேடலாம் என்றானதும், மாடு தானாகச் சினைபிடிப்பது வீண் என்று ஆகிவிட்டது. சட்டமும் வந்தது. புலிக்குளம் இனத்து முட்டைகள் எல்லாம் இந்தச் சிவகங்கைக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தன.

மூன்று வருடங்களுக்கு முன் பவளக்கொடி நாற்பது முட்டைகளில், நிறுத்திய முதிர்ச்சியை மீண்டும் தொடங்கவைக்கும் எழுப்புநீர் விட்டாள். ஒன்றும் முதிரவில்லை. நானூறில் விட்டாள். நெடுங்காலம் காத்திருந்தவை முதிர்வதையே மறந்திருந்தன. வேறு நல்ல எழுப்புநீர் கண்டுபிடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். கன்று கேட்டு வந்தவர்களிடம், "அடுத்த தைக்கு இதைவிட நல்ல பொலிகாளை வருது, பொறுங்க," என்றாள். காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றும்போதுகூட அதைச் சொன்னதில்லை. சோதித்துப் பார்க்கப் புது முட்டைகள் வேண்டும் என்றுதான் இந்த ஒப்படைப்பு நாளையே அறிவித்திருந்தாள். ஒளித்து வைத்த கிடாரியைக் கொண்டு வந்தால் தண்டனை இல்லை. ஆனால் முட்டை முழுவதையும் ஒருமுறை உறிஞ்சிவிட்டால் மாடு அதன்பின் ஈனாது.

"இத்தனை வருசம் ஒளிச்சுட்டு, இப்ப ஏன் கொண்டாந்தீங்க?"

"போன வாரம் இது காலுக்கடியில நல்லபாம்பும்மா. தீண்டியிருந்தா வம்சமே போச்சு. உங்க தண்ணிக்குள்ள இருந்தா என்னைக்கும் அழியாதுன்னு நீங்கதான சொன்னீங்க." அவன் கிடாரியின் கழுத்தடியில் தொங்கிய அலைதாடியைத் தடவினான். "செத்த நேரம் பொறுத்துக்க ஆத்தா. வலிக்காதாம்."

'தொடங்கலாமா?' என்று மேடைத் திரை கேட்டது. பவளக்கொடியின் விரல் பொத்தான்மேல் இருந்தது. கிடாரி திரும்பி, உப்புக்கு ஏங்கியதுபோல் அவள் முழங்கையை நக்கியது.

அவள் விரலை எடுத்தாள்.

"அவுத்துருங்க சோணைமுத்து."

"என்னம்மா, நோயா?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. உள்ள இருக்குற முட்டைதான், ஒண்ணுகூட எந்திரிக்கல. நீங்க முன்ன குடுத்த பழைய பசுவோடதும் சேத்துத்தான். மூணு வருசமா எனக்குத் தெரியும்."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"போன தைக்கு நான் கன்னு கேட்டு வந்தேனே, அப்ப?"

"அப்பவும் தெரியும்."

"டீ வாங்கிக் குடுத்தீங்களேம்மா."

"ஆமா."

அவன் மெதுவாகக் கயிற்றை அவிழ்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள், திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"மூணு வருசமா யார்ட்டயும் சொல்லாம ஒத்தையிலயா வச்சிருந்தீங்க?" என்றான். "எப்படிம்மா தூங்குனீங்க?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவன் கிடாரியை மேடையிலிருந்து இறக்கினான். அவள் ஓய்ந்ததும் சொன்னான்:

"வாசல்ல பதினேழு வண்டி நிக்குது. எல்லாம் என்னை மாதிரித் திருட்டுப் பயலுகதான். நீங்க போய்ச் சொல்லுங்க, நானும் கூட நிக்கிறேன்."

உயிருள்ள புலிக்குளம் முட்டை இனி எங்கேனும் இருந்தால், அது சட்டத்தை மீறியவர்களின் வண்டிகளில் நின்ற கிடாரிகளுக்குள்தான் இருந்தது. பவளக்கொடி வாசலுக்கு வந்தாள். வாய் திறக்கும் முன், முதல் வண்டியிலிருந்து ஒரு பெண் அவசரமாக இறங்கி வந்து கைகூப்பினாள்.

"மன்னிச்சுருங்கம்மா. புத்தி கெட்டுப்போயி ஒளிச்சுட்டோம். இனிமே உங்க சொல்லை மீற மாட்டோம்."

அவளுக்குப் பின்னால் நின்றவர்கள், கோயில் வாசலுக்கு வந்தவர்கள்போல், ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள்.