கால் குளிசை

ஊரடங்கு தொடங்கி ஒரு மணித்தியாலமாகியும் ஒழுங்கை வீடுகளில் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

பூரணி விளக்குத் திரியைத் தாழ்த்திவிட்டுக் காது கொடுத்தாள். துறைமுகப் பக்கம் பீரங்கி ஓய்ந்திருந்தது. மண்ணெண்ணெய் மணத்தோடு கடலின் உப்பும், எங்கோ எரிந்த கிடுகின் புகையும் யன்னலால் வந்துகொண்டிருந்தன. வேலிக்கு அப்பால் குணமணி வீட்டில் பிள்ளையின் ஏணைக்கயிறு கூரை வளையில் உராயும் ஓசை மட்டும், கீர்ர்... கீர்ர்... என்று ஒரே சீராகக் கேட்டது.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மறுபடி மூண்ட பிறகு, இந்த ஒழுங்கையில் நித்திரைக் குளிசை இல்லாமல் எவரும் கண்மூடியதில்லை. அப்துல் மஜீதின் மருந்துக்கடையில் வேலை செய்த பூரணிதான் முதலில் கொண்டுவந்து கொடுத்தாள். டொக்டர் எழுதிய துண்டு கேட்கவில்லை. நடுங்குகிற கையில் ஒன்றை வைப்பது புண்ணியம் என்றே நினைத்தாள். ஒன்று இரண்டாயிற்று. இரண்டு ஐந்தாயிற்று. இப்போது எல்லாக் குசினிகளிலும் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு குளிசைப் போத்தல் இருந்தது.

இன்று பின்னேரம்தான் குணமணி வேலியருகே வந்து நின்றாள்.

"பூரணியக்கா, பிள்ளை மூண்டு நாளா நித்திரையில்லை. வெடிச் சத்தத்துக்குத் துடிக்குது. அந்தக் குளிசையில கொஞ்சம் குடுக்கலாமோ?"

எட்டு மாதப் பிள்ளை. பூரணி தயங்கினாள். பிறகு குணமணியின் வீங்கிய கண்களைப் பார்த்து இரங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ஹெலி தாழப் பறந்தது.

"கால் போதும்!" என்று கத்தினாள்.

குணமணி தலையாட்டிச் சிரித்தாள்.

கீர்ர். கீர்ர்.

பூரணி தனக்குரிய இரண்டையும் உள்ளங்கையில் எடுத்தாள். விழுங்க மனம் வரவில்லை. கோணேசரே, என்றாள். வேலியிலிருந்த பொட்டு வழியாகக் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

குணமணி நிலத்தில் குந்தியிருந்து, பாதிக் கண் மூடியபடி ஏணையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோக்கா. உங்கட கைராசியெல்லோ! சொன்ன மாதிரி நாலும் கரைச்சுக் குடுத்தனான். ஒரு சிணுக்கமும் இல்லை."

"நாலோ?"

"ஓம். எனக்கே இப்ப ஐஞ்சு வேணும். பிள்ளைக்கு நாலு கூடவோ?"

கால் என்றல்லவா சொன்னேன். பூரணி ஏணையடியில் முழந்தாளிட்டாள்.

ஏணைக்குள் கை விட்டாள். சின்னப் பாதம். குளிர்.

"எழுப்பிப் போடாதையுங்கோ அக்கா," என்று குணமணி இரகசியமாகச் சொன்னாள். "மற்றப் பக்கத்து வீட்டு றஹ்மாவுக்கும் வேலியால சொன்னனான், நாலு எண்டு. அவ அங்கால வீட்டுக்குச் சொன்னவ. நல்லதை நாலு பேருக்குச் சொல்ல வேணும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

பூரணி ஒழுங்கைக்கு ஓடினாள்.

இருட்டு. நாய்கூடக் குரைக்கவில்லை.

றஹ்மா வீடு. கீர்ர்.

அடுத்த வீடு. கீர்ர்.

கடற்கரை வரைக்கும், ஒவ்வொரு வீட்டிலும், தாய்மார் மெல்ல மெல்ல ஏணைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.