தகட்டில் ஒட்டியவை

வெள்ளிக்கிழமை அவள் கையால் எண்ணியபோது நாற்பத்தொன்று. திங்கட்கிழமை காலையில் அதே கண்ணாடித் தகட்டைப் புது எந்திரம் எண்ணி, நாற்பத்தேழு என்றது.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒன்பது வருடமாகக் கண் பூத்துப்போக நுண்ணோக்கியில் எண்ணியவள் அவள். எந்திரம் வந்து முழுதாக ஒரு வாரம் ஆகவில்லை. ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களைத் தகட்டில் வளர்த்து, கொலஸ்ட்ரால் ஊட்டி அழற்சி உண்டாக்கி, பச்சைச் சாயம் ஏற்றிய வெள்ளணுக்களை அதன்மேல் விட்டு, எத்தனை ஒட்டுகின்றன என்று பார்ப்பதுதான் சோதனை. இந்தத் தகட்டுக்கு ரத்தம் கொடுத்தது அவள் தம்பி. "உனக்குத்தான் உடம்பு பூரா கொழுப்பாச்சே, வாடா" என்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.

இருட்டறையில் மருந்து நெடி மூக்கை அரித்தது. நுண்ணோக்கி விளக்கின் விசிறி ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, எந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டே போனது. ஐம்பத்திரண்டு. அறுபது. அவளே குனிந்து எண்ணிப் பார்த்தாள். அறுபதேதான். வெள்ளிக்கிழமையே மருந்து ஊற்றிக் கொன்ற செல்கள் அவை. ஒட்டாததை எல்லாம் அன்றே கழுவிக் கொட்டியாயிற்று. புதிதாக ஒட்ட அங்கே எதுவுமே மிச்சமில்லை.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, வேலை நேரத்துல?"

"சும்மாதான். உடம்பு எப்படிடா இருக்கு?"

"காலைலேருந்து நெஞ்சு அடைக்கிற மாதிரியே இருக்கு. வாயுவா இருக்கும்."

"வாயு இல்லடா. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. போனை வைக்காத."

"கிளம்பிட்டேன்... படி இறங்கவே மூச்சு வாங்குதுக்கா."

எண்பத்தெட்டு. எந்திரத்தின் ஒயரைப் பிடுங்கினாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். பச்சைப் புள்ளிகள் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் நெருக்கி வந்தன. நடுவில் ஒற்றையடிப் பாதை அளவுக்கு இருட்டு. அதுவும் ஒடுங்கியது.

"அக்கா. முடியலக்கா."

அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தகட்டை எடுத்தாள். கையுறை வழுக்கியது. கழற்றி எறிந்தாள். ஆள்காட்டி விரலை வைத்துத் தேய்த்தாள். அழுத்தி. ஒரே இழுப்பு.

தகடு சுத்தமாகிவிட்டது.

போனில் ஏதோ உருண்டு விழும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"டேய். தம்பி. டேய், பேசுடா."

விளக்கின் நீல ஒளியில் அவள் விரல் நுனி பச்சையாக மின்னியது. கழுவப் பயமாக இருந்தது. மடக்கவும் பயமாக இருந்தது. கையை நீட்டியபடியே நின்றாள். அந்தப் பச்சை, விட்டு விட்டு, மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.