மூன்றாம் அறை வாசலில் செருப்பு

நானும் அண்ணியும் வேலைக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். வெளியே வேர்த்துக் கொட்டும். பழக்கிடங்கின் குளிர் அறைக்குள் நுழைந்தால் பல் கிட்டிவிடும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாண் தடிமனில் கதவு. வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே மாட்டிக்கொண்டால் அழுத்த ஒரு மணி உண்டு. மூன்றாம் அறையில் மட்டும் அது அடிக்காது.

அங்கேதான் எங்களோடு வேலைபார்த்த நெட்டையண்ணன் செத்துப்போனார். பெட்டி எடுக்கப் போனவர் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. உள்ளே போகிறவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே. கதவைத் தொடக் கூடாது.

மணியை மட்டும் யாரும் சரிசெய்யவில்லை. மேஸ்திரியிடம் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. "கடவுள் பாத்துப்பார், போம்மா" என்பார். ஒருநாள் அறைக்குள் மணிப் பொத்தான் கழன்ற ஓட்டையின்மேல் 'கடவுள் துணை' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார். கரண்ட் பில்லாவது மிச்சம் என்று அண்ணி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சரக்கைப் பார்க்க வெளியாட்கள் வருவதாக இருந்தது. நடை பளிச்சென்று இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டே வந்த அண்ணி, கைவேகத்தில் என் செருப்பையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். காலி வாசலைப் பார்த்த மேஸ்திரி விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார்.

நான் உள்ளே இருந்தேன்.

கத்தினேன். கதவு என் குரலை விழுங்கிவிட்டது. தட்டித் தட்டிக் கை மரத்தது. கும்மிருட்டு. ஆப்பிள் வாசனை. தலைக்கு மேல் விசிறியின் இரைச்சல். பிறகு அதுவும் நின்றது.

சரக்.

சரக்.

செருப்புச் சத்தம். அறையின் கடைக்கோடியிலிருந்து வந்தது. உள்ளே யாரும் செருப்போடு நடப்பதில்லை.

நெட்டையண்ணனை வெளியே தூக்கிவந்தபோது, அவர் காலில் இரண்டு செருப்பும் இருந்தனவாம்.

தெரிந்த ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே முணுமுணுத்தேன். "கடவுளே, இவங்களக் கேட்டா உன்னக் கைகாட்டுறாங்க. நான் வேற யாருகிட்ட போவேன்? நீயாவது வா."

சத்தம் என் அருகில் வந்து நின்றது. ஈர ரப்பர் வாடை அடித்தது.

"மணி அடிக்கலையாம்மா?"

இருட்டில் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கும் அடிக்கல."

என் விரலின்மேல் பனிக்கட்டி போல ஒரு விரல் அழுத்தியது.

வெளியே மணி அலறியது.

கதவைத் திறந்த அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மேஸ்திரி ஸ்டிக்கரைக் கிழித்துப் பார்த்தார். ஓட்டைக்குள் ஒயரே இல்லை. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"பாத்தியா? நான்தான் சொன்னேன்ல. இதுக்குப் போய் மணிய மாத்தச் சொல்றியே" என்றார். சொன்ன கையோடு புது ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார்.

கடவுள் என் குரலைக் கேட்டார், அதில் சந்தேகமில்லை. யாரை அனுப்பினார் என்பதும் தெரியும். ஆனால் அந்த மனுஷனும் இதே கதவைத் தட்டி அவரைத்தானே கூப்பிட்டிருப்பார்? அன்றைக்குக் கடவுள் அனுப்பிய ஆள் எந்த நடையில் நின்று பேசிக்கொண்டிருந்தானோ.

மறுநாள் காலை மூன்றாம் அறை வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. நீளமான, பழைய செருப்பு. மேலெல்லாம் உறைபனி பூத்திருந்தது. அண்ணி எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். எல்லோரும் வெளியில்தான் இருந்தார்கள்.

கதவைச் சாத்தப் போன மேஸ்திரியின் கை பாதியில் நின்றது.

"செருப்பு கிடக்கு" என்றார் அண்ணி, மெதுவாக.

கதவு இன்னும் திறந்தேதான் கிடக்கிறது. உள்ளே குளிரெல்லாம் போய்விட்டது. செருப்பின்மேல் இருக்கும் பனி மட்டும் உருகவில்லை.