விளிம்பில் விழுந்த அடி

டக்.

சத்தம் கேட்டதும் மேடையில் மண்டியிட்டிருந்த யென்விக்கு உடம்பு விறைத்துப் போனது. காதில் விழுந்தது சரிதானா... சரிதான். தைவானின் சோங்லி ஊர் அரங்கில் இருந்த அத்தனை வியட்நாம்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ஊர்க் கூத்தில் பார்வையாளர் பக்கம் ஒரு முரசு இருக்கும். கூத்து தெரிந்த ஒருவர் குச்சியோடு அதன்முன் உட்காருவார். ஆட்டம் நன்றாக இருந்தால் தோலில் அடி. பிசகினால் விளிம்புக் கட்டையில் ஒரு தட்டு. அந்தத் தட்டு வாங்கிய நடிகைக்கு அன்று சோறு இறங்காது.

வழக்கமாகக் குச்சி பிடிப்பவருக்கு அன்று ஓவர்டைம். யாருக்காவது தெரியுமா என்று கேட்டபோது எழுந்து வந்த நெட்டையன் இவன். வந்தான், உட்கார்ந்தான், முதல் காட்சியிலிருந்து அவள் கண்ணையே பார்த்தான். அந்த வேலைக்கு அப்படித்தான் பார்க்கவேண்டும்... தெரிந்தும் அவளுக்கு ஓரிரு இடத்தில் மூச்சு தப்பியது.

பழைய கூத்தில் தளபதி எல்லைக்குப் போவான், மனைவி வாசலிலேயே நின்று நரைப்பாள். யென்வி அதைத் தலைகீழாக மாற்றி எழுதியிருந்தாள். முதுகில் தளபதியின் நான்கு கொடிகளோடு இங்கே மனைவிதான் கடல் தாண்டித் தைவானுக்குப் போகிறாள், யாரோ ஒரு கிழவரின் படுக்கையை மாற்றித் துடைத்துவிட. வாசலில் குழந்தையோடு நிற்பவன் கணவன். யென்வியும் அப்படி ஒரு வீட்டில் வேலை பார்ப்பவள்தான். பார்க்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள்.

கடைசியில் மட்டும் ஒரு கும்பிடு. வேலை கொடுத்த எஜமானுக்கும் ஆள் பிடித்து அனுப்பும் ஏஜென்சிக்கும் நன்றி சொல்லி, நெற்றியைத் தரையில் வைக்கவேண்டும். சரியாக அங்கேதான் அந்த டக்.

வெளியே நல்ல மழை. சாயத்தைக்கூடத் துடைக்காமல் ஓடி, பஸ் நிறுத்தத்தில் அவனைப் பிடித்தாள்.

"ஏங்க, நில்லுங்க. எல்லார் முன்னாடியும் கட்டையில தட்டுனீங்களே... அப்படி என்ன தப்பக் கண்டீங்க?"

அவன் குடையை நீட்டினான். அவள் வாங்கவில்லை. முகத்துச் சிவப்பு கரைந்து கழுத்தில் வழிந்தது.

"கால்ல தப்பில்ல, குரல்லயும் தப்பில்ல," என்றான் நிதானமாக. "அந்தக் கும்பிடுதான் பொய்யி. உங்க கண்ணப் பாத்துட்டே இருந்தேன்ல... நாடகம் பூரா உயிரோட இருந்துச்சு. மண்டி போட்டதும் செத்துப் போச்சு."

"பெரிய கண் டாக்டரோ?"

"இல்லங்க. ஆலையில ஸ்க்ரூ பாக்குறேன். கோணலா இருந்தா தூக்கிப் போட்டுருவேன்."

"அப்ப என்னையும் தூக்கிப் போட்டாச்சு."

"உங்கள யாரு போட்டா? அந்தக் கும்பிடைத்தான் தூக்கிப் போட்டேன்."

திமிரைப் பார். பெயர் தோவானாம், வியட்நாமின் பின் டின் மாகாணத்தில் கோயில் கூத்துக்கெல்லாம் அவன் வீட்டார்தான் குச்சி பிடிப்பார்களாம். யாரு கேட்டா? அவள் விறுவிறுவென்று நனைந்துகொண்டே நடந்தாள்.

ஆனால் கோபம் வீடு வந்தும் ஆறவில்லை. கிழவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதுதான் அது யார்மேல் என்று தெரிந்தது. அந்தக் கும்பிடு அவள் எழுதியதே இல்லை. ஏஜென்சி முதலாளி அரங்கும் உடையும் தருவதாகச் சொல்லி, பதிலுக்குக் கேட்டு வாங்கியது. அவள் பாஸ்போர்ட்டைத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற மனிதர் அவர். அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்! அடுத்த ஆட்டத்துக்குத் தைப்பே அரங்கே கிடைக்கிறதே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள். முன்பின் தெரியாத ஒருவன் ஒரு தட்டில் கண்டுபிடித்ததை, எழுதியவள் விழுங்கியிருந்தாள். வெட்கமாக இருந்தது.

மறுநாளே போனில் முதலாளியிடம் சொல்லிவிட்டாள், கும்பிடு கிடையாது என்று. அவர் கத்தவில்லை. தைப்பே அரங்கு இல்லை என்றார், உடைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார், அவள் ஒப்பந்தம் வசந்தத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்றார். பிறகு சாப்பிட்டாயா என்றும் கேட்டார். அந்தக் கேள்விதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிறு மதியம் தைப்பே ரயில் நிலையக் கூடத்தில், வேலைக்காரப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கதை பேசும் தரையிலேயே ஆடினார்கள். கொடிக்கு, குழுவில் இருந்த ஹா அக்கா தன் நூடுல்ஸ் கடை மேஜை விரிப்பைக் கிழித்துக் கொடுத்தாள். முரசை வைத்ததும் யென்வி கூட்டத்தைத் துழாவினாள். தோவான் வந்திருந்தான். ஆனால் நீட்டிய குச்சியை வாங்கி, ஹா அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூண் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அவ்வளவு இளப்பமா? அந்த எரிச்சலிலேயே ஆடினாள். கடைசியில் மண்டியிடவில்லை. நின்றாள், நிமிர்ந்தாள், "என்னைப் பார்" என்று மட்டும் சொன்னாள். ஹா அக்கா அடித்த அடியில் ரயில் அறிவிப்பே கேட்கவில்லை. பெண்கள் எழுந்து நின்று அழுதார்கள்.

யென்விக்கு அது எதுவும் போதவில்லை. நேரே தூணிடம் போனாள்.

"அரங்கு போச்சு, வேலையும் போகப் போவுது. தப்புன்னா மட்டும் ஓடி வந்து தட்டத் தெரியுது... நல்லா ஆடுனா ஒரு அடி அடிக்கக் கை வராதா உங்களுக்கு?"

தோவானின் ஸ்க்ரூ பார்க்கிற கண் தரையைப் பார்த்தது.

"குச்சி பிடிக்கறவன் யார் பக்கமும் இருக்கக் கூடாதுங்க. அது எங்க வீட்டு வழக்கம்." குரல் தணிந்தது. "அன்னிக்கு மழையில திட்டுனீங்கல்ல... அப்பவே நான் உங்க பக்கம் வந்துட்டேன். இனி நீங்க என்ன ஆடினாலும் எனக்குத் தப்பு தெரியாது. நல்லது கெட்டது சொல்ற யோக்கியத போச்சு."

திட்டுவதற்கு அவள் வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ... காது மட்டும் சுட்டது.

"வசந்தத்துல என்னை அனுப்பிடுவாங்க. தெரியும்ல?"

"ஹா அக்கா சொன்னாங்க. உங்க ஊருக்கும் என் ஊருக்கும் ஒரே பஸ்தான், அதையும் விசாரிச்சுட்டேன்."

ஹா அக்கா உள்படக் கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. யென்வி அதைக் கவனித்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இந்த வாரம் பூரா ஒத்திகையில நான் யாருக்காக ஆடுனேன்னு நெனைக்கறீங்க? குச்சியத் திருப்பிக் குடுத்தப்ப உயிரே போயிடுச்சு எனக்கு," என்றாள். "என் பக்கம் வந்துட்டேன்னு சொல்லிட்டு, இவ்ளோ தூரத்துல தூணோட நிக்கறீங்க. இப்படியா நிப்பாங்க? கிட்ட வாங்க."

அவன் வந்தான்.