அல்வாலுக்கு வந்த மண்

ஆபீஸ் இருந்த கச்சிபௌலியிலிருந்து, ஊரின் மறுகோடியில் அப்பா வீடு இருக்கும் அல்வால் வந்து சேர்வதற்குள் ஷோபாவின் சுடிதார் வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. மே மாத மத்தியானம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. இரண்டு நாளாக அப்பா போனை எடுக்கவில்லை என்றுதான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஓடிவந்திருந்தாள்.

கதவைத் திறந்த ஆரோக்கியசாமி ஸ்வெட்டர் போட்டிருந்தார். கழுத்தில் மஃப்ளர்.

"என்ன டாடி, காய்ச்சலா?"

"உள்ளே வா. கதவைச் சாத்து."

உள்ளே காலை வைத்ததும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வீட்டில் ஏ.சி. கிடையாது. ஃபேனும் ஓடவில்லை. ஆனாலும் எலும்பைத் தொடும் ஈரக் குளிர். அதோடு ஏதோ கருகின வாடை. அடுப்படியை எட்டிப் பார்த்தாள். அடுப்புப் பற்றவைத்தே பல நாள் ஆகியிருக்கும் போலிருந்தது. டப்பாக்களின் மூடிகள் மட்டும் திறந்து கிடந்தன.

ஆரோக்கியசாமி ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய தாத்தா சவரிமுத்து, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் லாரி ஓட்டினவர். இரண்டாம் உலகப்போரில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டு, இத்தாலிக்குக் கைதியாகப் போய், அங்கிருந்து தப்பி ஒரு குடியானவன் வீட்டில் பதுங்கியிருந்தார். மறுபடி அகப்பட்டபோது, ஒளித்துவைத்தவனையும் அவரையும் சேர்த்தே நாஜிகள் ஜெர்மனியில் ஒரு வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டினியில் செத்தார். உடம்பை எரித்துவிட்டார்கள். கல்லறைத் திருநாள் அன்று குடும்பமே போய் எல்லாக் கல்லறைக்கும் மெழுகுவத்தி ஏற்றும். சவரிமுத்துவுக்கு மட்டும் ஏற்ற இடமில்லை.

போன மாதம் ஷோபாவின் தம்பி தினேஷ், தான் வேலை பார்க்கும் ஜெர்மனிக்கு அப்பாவை வரவழைத்து அந்த முகாமைக் காட்டினான். கிளம்பும்போது அங்கிருந்த புல்தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை, யாருக்கும் தெரியாமல், கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார் ஆரோக்கியசாமி. இங்கே தன் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று. ஊர் திரும்பியும் புதைக்கக் கை வரவில்லை. மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

"எங்க தாத்தா வந்துட்டார்மா," என்றார் ரகசியமாக.

"டாடி, ப்ளீஸ்."

"மொத நாள் ராத்திரி வச்ச ரொட்டியைக் காலையில காணோம். பசியோட செத்த மனுஷன், சாப்பிடட்டும்னு இருந்துச்சு. மறுநாள் ரெண்டு பாக்கெட் வாங்கி வச்சேன்."

"அப்புறம்?"

"போதல."

டொக்.

ஷோபா திரும்பினாள். மொசைக் தரையில் மரக்கட்டை இடிக்கும் சத்தம். ஹாலில் யாரும் இல்லை.

டொக். டொக்.

"மரத்துல அடி வச்ச செருப்பு. அங்க எல்லாக் கைதிக்கும் அதான். அதோட பனியில மணிக்கணக்கா வரிசையில நிக்கவச்சு ஆள் எண்ணுவாங்களாம்," என்றார் அப்பா. அவருடைய உதடு நீலமாகியிருந்தது.

ஒரு ஜோடிக் காலின் சத்தம், இழுத்து இழுத்து அவளைத் தாண்டி அடுப்படிக்குப் போயிற்று. பின்னாலேயே இன்னொரு ஜோடி. அதற்குப் பின்னால் இன்னொன்று.

பிறகு எண்ண முடியவில்லை.

ஒரு தோள் அவளை உரசிக்கொண்டு போனது. அதில் சதையே இல்லை.

"தாத்தா ஒருத்தர்னு நெனச்சு அள்ளிட்டேன் ஷோபா. அந்த மண்ணுல எத்தனை பேரோட சாம்பலோ!"

காதோரம் ஒரு முணுமுணுப்பு. புரியாத பாஷை. ஆனால் பெயர் சொல்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. ஒருவர் சொல்லி முடித்ததும் அடுத்தவர். ஆண் குரல், பெண் குரல், ஒரு சின்னக் குழந்தையின் குரல். நடுவில், சளி கட்டின தொண்டையில்:

"சவரிமுத்துங்க."

ஆரோக்கியசாமி முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் மண்ணைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பங்குச் சாமியார் கேட்டார்: "யார் பேருக்கு ஜெபம் சொல்லணும்?"

"எல்லாருக்கும் ஃபாதர். ஆனா அவங்கள்ல நிறைய பேர் யூதங்க. நம்ம ஜெபத்தை அவங்க மேல ஏத்தலாமான்னு தெரியல," என்றார் ஆரோக்கியசாமி.

சாமியார் கைக்குட்டை முடிச்சை வாங்கிக் குழிக்குள் வைத்தார். "சவரிமுத்துவுக்குச் சொல்றேன். மத்தவங்களுக்காகச் சும்மா நிக்கலாம்," என்றார். மூவரும் இருட்டும்வரை அங்கேயே நின்றார்கள்.

வீடு மறுபடி சூடானது. ஆரோக்கியசாமி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு ரசம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஷோபாவும் நிம்மதியாகக் கிளம்பிப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவைப் பார்க்க அவள் மறுபடி வந்தபோது, பக்கத்து வீட்டு ஜம்புநாதன் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்.

"ஏம்மா, உங்க மாடியில அத்தனை பேர் எதுக்கு வெயில்ல நிக்கிறாங்க? காலையிலேர்ந்து பாக்கிறேன், ஒருத்தரும் உக்காரல. தண்ணியாவது குடுக்கக் கூடாதா?"

அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஷோபா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

மொட்டை மாடி காலியாக இருந்தது. கொதிக்கும் தரை உள்ளங்காலைப் பொசுக்கியது. துள்ளி அடுத்த அடி வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

அடுத்த அடி நெருப்பு. அதற்கடுத்தது பனி. பாதத்தின் அளவே உள்ள குளிர்ந்த இடங்கள், வரிசை வரிசையாக, கைப்பிடிச் சுவர் வரைக்கும்.

வெயில் தாங்காமல், குளிர்ந்த ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளை ஒட்டி நின்ற குளிர் மெல்ல நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டது.